'வௌவாலில் வைரஸ்' என்ற தலைப்புக்குக் கீழே எழுத வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில், வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் என்று செய்தி வந்தால் சென்னையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. 'வௌவால்களில் வைரஸ்' என்று தலைப்புகள் வருகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் வௌவால் தொங்கும் வாசல் நெட்டிலிங்க மரத்தை வெட்டிவிடலாமா என்று பேச்சு கிளம்புகிறது. செய்தி சரியாக எழுதப்பட்டால் மரங்கள் தப்பும். வைரஸ் மாதிரிகளோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்பதால் இதை எழுதுகிறோம்.

வௌவாலில் வைரஸ் இருப்பது புதிய செய்தி அல்ல. உலகில் 1,400-க்கும் அதிகமான வௌவால் இனங்கள் உள்ளன. முறையாகத் தேடிய இடங்களில் எல்லாம் ஏதாவது ஒரு வைரஸ் கிடைத்திருக்கிறது. எது, மனிதரைத் தாக்கும் வகைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. புணேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 508 பெரும் பழந்தின்னி வௌவால்களில் 21-ன் தொண்டை மாதிரியில் கொரோனா வைரஸ் தென்பட்டது. அவற்றில் தமிழ்நாட்டு வௌவால்களும் உண்டு. கோவிட் பரவிக்கொண்டிருந்த நேரம், ஊரே பதறியது. ஆனால் இத்தகைய பரிசோதனையில் படிக்கப்படுவது, வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதிக்கான ஆர்டிஆர்பி மரபணுவில் சில நூறு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு. கோவிட் வைரஸின் முழு மரபணுத் தொகுப்போ 29,903 எழுத்துகள். கொரோனா குடும்பம் முழுவதிலும் அதிகம் மாறாத பகுதி என்பதால்தான் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்பதை அது சொல்லும். மனித செல்லுக்குள் நுழையுமா என்பதை, செல்லைப் பற்றும் வைரஸின் முள்ளுக்கான ஸ்பைக் மரபணுவைப் படிக்காமல் சொல்ல முடியாது. அந்த வைரஸ்கள் மனிதருக்கு நோய் தரும் என்பதற்குச் சான்றில்லை என்று ஆய்வாளர்களே அப்போது சொன்னார்கள். தலைப்பு போன தூரம் அந்த வரி போகவில்லை.

சதவீதக் கணக்கிலும் இதே சிக்கல்தான். சீனாவின் யுன்னானில் 2013-ல் எடுத்த வௌவால் மாதிரியில் இருந்த வைரஸ், கோவிட் வைரஸோடு சுமார் 96 சதவீதம் ஒத்துப்போகிறது. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றேதான் என்று தோன்றும். உண்மையில் 1,100-க்கும் மேற்பட்ட எழுத்துகள் வேறு. இரண்டும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். லாவோஸ் வௌவாலில் கிடைத்த இன்னொரு வைரஸும் முழுத் தொகுப்பில் 96.8 சதவீதம்தான். ஆனால் மனித செல்லைப் பற்றிக்கொள்ளும் ஸ்பைக் பகுதி மட்டும் அதில் கிட்டத்தட்ட அச்சு அசலாக இருக்கிறது. மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. இப்போது கோழிக்கோட்டைப் பாருங்கள். 2018-ல் நோயாளிகளிடம் எடுத்த நிபாவின் மரபணு எழுத்து வரிசையும் அந்தப் பகுதிப் பழந்தின்னி வௌவால்களிடம் கிடைத்ததும் 99.7 முதல் 100 சதவீதம் ஒத்தன. நோய் இந்த வௌவால்களிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல அந்த நெருக்கம் வேண்டும்.

ஒரே செல்லில் இரண்டு கொரோனா வைரஸ்கள் சேர்ந்தால், நகலெடுக்கும் நொதி பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடலாம்; அப்போது இரண்டும் கலந்த வைரஸ் பிறக்கும். யுன்னானில் ஒரே குகையின் வௌவால்களை 5 ஆண்டுகள் கண்காணித்தபோது, சார்ஸ் வைரஸின் எல்லாப் பகுதிகளும் அங்கே வெவ்வேறு வைரஸ்களில் சிதறிக் கிடந்ததைக் கண்டார்கள். ஒரு மரபணுவுக்கு வரையும் வம்சாவளி அடுத்த மரபணுவுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

மாதிரி எடுக்கும் இடத்திலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. பழந்தின்னிகள் தங்கும் ஆலமரத்தடியில், அவை இரை தேடித் திரும்புவதற்கு முன்பே, இருட்டிலேயே பாலிதீன் விரிப்பைப் போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் சிறுநீர்த் துளிகளை மட்டும் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். பழச்சக்கையும் எச்சமும் கலந்த துளி, மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைக் கெடுக்கும். எடுத்த கையோடு வைரஸைச் செயலிழக்கச் செய்யும் கரைசலில் விட்டுவிட்டால் ஆபத்தும் குறையும், வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவும் சிதையாது. பிறகு உலர் பனிக்கட்டியிலோ திரவ நைட்ரஜனிலோ வைத்து, ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரிக்கு மாற்ற வேண்டும். சென்னையின் மே மாத வெயிலில், சாதாரண ஐஸ் பெட்டியோடு போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட மாதிரியில் வைரஸ் இல்லை என்று வந்தால், அதை நம்ப முடியாது. உருகி மறுபடி உறைந்த மாதிரியும் அப்படித்தான்.

ஒரு விரிப்பில் விழுவது பல வௌவால்களின் சிறுநீர். அதில் இரண்டு வைரஸ்கள் இருந்தால், படித்த மரபணுத் துண்டுகளை ஒட்டும் மென்பொருள் இரண்டையும் சேர்த்து இல்லாத ஒரு வைரஸை உருவாக்கிவிடும். அதைப் 'புதிய வைரஸ்' என்று அறிவிப்பதற்குமுன், ஒட்டிய இடங்களைத் தனி பிசிஆரில் சோதித்தே ஆக வேண்டும்.

'இல்லை' என்ற முடிவும் எளிதில் ஏமாற்றும். 2018-ல் கோழிக்கோட்டில், பாதிக்கப்பட்ட வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்களைத்தான் முதலில் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் இனம்; நிபா இல்லை என்று வந்தது. பிறகு பழந்தின்னிகளைச் சோதித்தபோதுதான் பிடிபட்டது. சரியான இனத்திலும்கூட வைரஸ் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஒரு நாள் போய் எடுத்துவந்த மாதிரியைக் கொண்டு ஒரு கூட்டத்துக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.

நெட்டிலிங்கத்தில் தொங்குவது பெரும்பாலும் கையளவே உள்ள குட்டைமூக்குப் பழ வௌவால். நிபாவோடு பேசப்படும் பெரும் பழந்தின்னி, சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். இரண்டையும் ஒன்றாக எண்ணி மரத்தை வெட்டுவது வீண். பெரும் பழந்தின்னி தங்கும் மரமாகவே இருந்தாலும் வெட்டினால் கூட்டம் சிதறி, பசியோடு வேறு தெருக்களுக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் பழந்தின்னிகளுக்கு இரை குறைந்த காலங்களில்தான் நிபாவின் நெருங்கிய உறவான ஹென்ட்ரா வைரஸ் குதிரைகளுக்கு அதிகம் தாவியது.

சென்னையில் இதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. தேனாம்பேட்டை மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் 2021 முதல் முழு மரபணுப் பகுப்பாய்வு வசதி உண்டு. கிண்டியில் கிங் நிலையம், மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரின ஆய்வு நிறுவனம். வனத்துறை அனுமதியோடு, நகரின் ஒரே ஒரு பழந்தின்னிக் கூட்டத்தை மாதம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தால் போதும். வௌவாலைப் பிடிக்கவே வேண்டாம், விரிப்பே போதுமானது. உயிருள்ள நிபாவை வளர்க்கும் வேலையைப் புணேயின் நான்காம் நிலை (மிக உயர்ந்த) பாதுகாப்பு ஆய்வகத்துக்கே விட்டுவிடலாம்.

செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த இன வௌவால், எந்த மாதிரி, எந்த மரபணுவில் எத்தனை எழுத்து, கிடைத்தது ஆர்என்ஏவா, உயிருள்ள வைரஸா, வெறும் ஆன்டிபாடியா என்று கேட்டு எழுதுங்கள். ஆன்டிபாடி என்றால் அந்த வௌவாலுக்கு எப்போதோ தொற்று வந்து போனது என்று பொருள். முடிந்தால் கடைசிப் பத்தியில் இதையும் சேருங்கள்: வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம், தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம், கடித்தோ கீறியோ விட்டால், சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போகவும்.

இப்படிக்கு,
வைரஸ் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.