தண்ணீரை ஆத்து, டீயை ஆத்தாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம், நீ எடுத்தால்தானே. ராத்திரி ஒன்றரை மணிக்கு "கிரீன் டீ ஏம்ப்பா இப்படிக் கசக்குது?" என்று ஒரு போட்டோவை அனுப்பிவிட்டு, காலையில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். அந்த நேரத்தில் என்ன டீ? சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். டீ பையை கப்பிலேயே விட்டுவிட்டு வேறு எங்கேயோ நினைப்பாக இருந்திருக்கிறாய். தண்ணீர் மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போய்விட்டது. அந்தப் பைக்குள் பெரும்பாலும் இருப்பது, நாங்கள் இலையைச் சலித்தபிறகு மிஞ்சுகிற தூளும் நொறுங்கலும்தான். தூளில் சாறு சட்டென்று இறங்கிவிடும், ஒரு நிமிஷம் அசந்தாலும் வாயில் வைக்க முடியாது. சின்ன வயசில் கொழுந்து மூட்டைக்குள் மூக்கை விட்டு, எது சூடேறின கொழுந்து என்று சொன்னவள் நீ. ஃபேக்டரியில் எல்லோரும் உன்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு பைத்தூளைக் குடிக்கிறாய்!

தை மாதம் நான் கொடுத்தனுப்பிய பாக்கெட் பின்னால் தெரிகிறது. பிரிக்கவே இல்லை, அதுவும் சாம்பார்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். முதலில் அதை அங்கிருந்து எடு. டீ இலை பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பிரித்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் வை. பனிக்காலத்து இலை அது, நம் மலையில் அந்தச் சமயம் வருவதற்குத் தனி மணம். வைத்திருந்து பழசாக்காதே.

கடையில் வாங்குவதானால் தயாரித்த தேதியைப் பார், காலாவதித் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதே. இலை பச்சையாக, முழுசாக இருக்கணும். பழுப்பேறி வைக்கோல் வாசனை வந்தால் வேண்டாம். பறித்த கொழுந்தை அப்படியே விட்டால் அதில் உள்ள நொதி வேலை செய்து இலை கறுத்துவிடும், சூடு காட்டி அதை நிறுத்துவதுதான் கிரீன் டீ. ஜப்பான்காரர்கள் ஆவியில் வேகவைப்பார்கள், சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுப்பார்கள். ஆவியில் வைத்ததில் கீரை வாசனை தூக்கலாக இருக்கும். அகத்திக்கீரையைக் கண்டால் நீ ஓடின ஓட்டம் எனக்குத் தெரியும், அதனால் 'செஞ்சா' (Sencha) என்கிற அந்த ஜப்பான் வகை உனக்கு ஒத்துவராது. வறுத்த வகையாகப் பார்த்து வாங்கு. சீனாவில் ஹாங்சோ பக்கத்து லோங்ஜிங் டீ கிடைத்தால் ஒரு தடவை குடித்துப் பார், இலை தட்டையாக அழுத்தி இருக்கும். விலைதான் அதிகம்.

அப்புறம் தண்ணீர். குன்னூர் 6,000 அடி உயரம், இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. கசப்பும் துவர்ப்பும் தருகிற கேட்டகின் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். இனிப்புச் சாயல் தருகிற தியனைன் சூடு குறைந்த தண்ணீரிலேயே இறங்கிவிடும். ஆகவே உனக்கு 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு கப்பில் ஊற்று, அதிலிருந்து இன்னொரு கப்புக்கு மாற்று. ஒரு தடவை மாற்றினால் சுமார் 10 டிகிரி குறையும். டீயை ஆத்துவது நாயர் கடையில், இங்கே ஆத்தவேண்டியது தண்ணீரைத்தான். போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் எந்த டீயும் மங்கிப்போகும்.

இதற்கு ரெண்டு கப் வேண்டும். போட்டோவில் ஒன்றுதான் இருந்தது. உன் கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்த ஜோடி கப் எங்கே?

அளவு, ரெண்டு பேருக்கு 300 மில்லி தண்ணீர், 4 கிராம் இலை. மாப்பிள்ளை காபிக்காரர் என்று தெரியும், இருந்தாலும் ரெண்டு பேருக்கே சொல்கிறேன். ஒருத்திக்கு என்றால் பாதி போடு. ஒன்றரை நிமிஷம், மிஞ்சினால் ரெண்டு, உடனே வடிகட்டிவிடு. அதே இலையில் இன்னொரு தடவை போடலாம், அதற்குக் கொஞ்சம் கூடுதல் சூடு. வடிகட்டியதும் இலையை விரலால் பிரித்துப் பார், ரெண்டு இலையும் மொட்டும் தெரிந்தால் நல்ல பறிப்பு. எலுமிச்சை, தேன் எல்லாம் கெட்ட டீயை மூடி மறைக்கிற வேலை.

சாயங்காலம் ஐந்துக்கு மேல் வேண்டாம். கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு, தூக்கம் போய்விடும். நீ தூங்குகிறாயா? உங்கம்மா கேட்கச் சொன்னாள்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்பக்கச் சுவர் இன்னும் கட்டவில்லை. பொங்கலுக்கு மாப்பிள்ளை வரவில்லை என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நீயாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே. வேலை இருந்திருக்கும். இருந்தாலும் ஒரு போன் பண்ணியிருக்கலாம் அவர். சரி, விடு. டீம் லீடர் ஆனதை நம் தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

புது இலை ரெண்டு பாக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். ரெண்டையும் பழைய விலாசத்துக்கே அனுப்பவா? வேறு விலாசம் என்றால் எழுது, ஏன் என்று கேட்கமாட்டேன். இல்லை, நீயே வந்து எடுத்துக்கொள்வதானால் இன்னும் நல்லது. மே மாதம் மட்டும் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாய் அல்லவா? சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடிக்காதே, சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. வெறும் வயிற்றிலும் வேண்டாம், குமட்டும். காலையில் முதலில் சாப்பிடு.