அம்மம்மாவின் ஈர்ச்சீப்பு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்குப் பேரன்தான் காரணம். கச்சான் காற்று ஆளைக் காய்ச்சி எடுக்கிறது. பகலில் அவனுக்கும் நித்திரை இல்லை, எங்களுக்கும் இல்லை. உன் மருமகளுக்குக் கார்த்திகையில் நாள் என்று எழுதியிருந்தாய். அதனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பிள்ளைக்கு மூன்றாம் கிழமை, உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டத் தொடங்கியது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. ஒழுங்காக முழுக வார்க்கவில்லை என்று முதலில் மகளைத்தான் ஏசினேன். மச்சாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வார்க்கலாம் என்றாள் (ஏழு கிணற்றில் எந்தக் கிணறு என்று கேட்டேன், பதில் இல்லை). நான் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி அல்லவா? மகள் கண்ணயர்ந்த நேரம் ஈர்ச்சீப்பை எடுத்துச் சுரண்டினேன். இரண்டு செதில் வந்தது. மூன்றாவதோடு இரத்தமும் வந்தது. அன்றிரவு மகள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இது ஊத்தை இல்லை" என்றார். ஆங்கிலத்தில் 'கிரேடில் கேப்' என்பார்களாம். வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹோர்மோன் பிள்ளைக்குப் போகிறது. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுவதால் காய்ந்து உதிர வேண்டிய செதில் உதிராமல் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறார்களாம். எல்லாருடைய தோலிலும் இருக்கும் ஒருவகைப் பூஞ்சணத்துக்கும் இதில் பங்குண்டாம். தொற்றாது, பிள்ளைக்குப் பெரிதாகக் கடிக்கவும் கடிக்காது. பார்க்கிற எங்களுக்குத்தான் கடி! சும்மா விட்டாலும் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் தானாகப் போய்விடும்.

பொறுக்க முடியாவிட்டால் செய்யச் சொன்னது இவ்வளவுதான். முழுக வார்க்க முன்னம் கொஞ்சம் பேபி ஒயில் பூசிப் பொருக்கை ஊறவிட வேண்டும். பிறகு குழந்தைகளின் மெல்லிய பிரஷால் மெதுவாகத் தடவி, பேபி ஷாம்பு போட்டு எண்ணெய் மிஞ்சாமல் கழுவ வேண்டும். நாங்கள் எண்ணெயை வைத்துவிட்டு அப்படியே விடுகிற ஆட்கள். அதுதான் பிழையாம், பொருக்கு இன்னும் ஒட்டுமாம். உச்சிக்குழியில் கை வைக்கப் பயப்படத் தேவையில்லை, அழுத்தாமல் கழுவினால் சரி. வராத செதிலை நகத்தால் கிள்ளவே கூடாது, கிள்ளினால் புண்ணாகிக் கிருமி புகும். செதிலோடு நாலு மயிர் வந்தாலும் திரும்ப முளைக்கும்.

ஆனால் சிவந்து நீர் கசிந்தால், கெட்ட மணம் வந்தால், முகத்துக்கோ காதின் பின்பக்கத்துக்கோ அரையிடுக்குக்கோ பரவினால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அதற்குக் கிறீம் இருக்கிறது. பார்மசியில் நாமே கேட்டு வாங்குகிற சாமான் அல்ல அது, மலர். உன்னை எனக்குத் தெரியும்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குத் தலை வழிக்க வேண்டும் என்று மச்சாள் ஒற்றைக்காலில் நின்றாள். பொருக்கின் மேல் சவரக்கத்தி ஓடுவதை நினைக்கவே எனக்குக் கை நடுங்கியது. ஒரு கொத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தைத் தள்ளிப்போட்டோம். அவளுக்கு முகம் கறுத்ததுதான். இரண்டு நாளில் ஆட்டிறைச்சிக் கறியோடு வந்து நின்றாள்.

இப்போது மூன்று மாதம். நெற்றியோரம் மட்டும் ஒரு விரலகலம் மிச்சம் இருக்கிறது. பின்னேரங்களில் டச் பே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். காற்றுப் பட்டதும் என் தோளிலேயே நித்திரையாகிவிடுவான். ஈர்ச்சீப்பை மகள் எங்கேயோ ஒளித்துவிட்டாள், இன்னும் தேடுகிறேன்.

உன் முழங்கால் நோ எப்படி? மருமகளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
இராணி