நாஸிலைச் சோதிக்காமல் என்ஜினைப் பிரிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் டெல்டாவில் எல்லா டிராக்டரும் ஒரே சமயத்தில் சேற்றில் இறங்கும். கொட்டகையில் சும்மா நின்றிருந்த பழைய மாஸி 1035 மாதிரி வண்டிகள் அப்போதுதான் கரும்புகை கக்கும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பல இடங்களில் யோசிக்காமலே "ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தால் வருவது பெரும்பாலும் நீலப்புகை. கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் அடுத்து நாஸில், அதாவது டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனி.

எந்த சிலிண்டரில் கோளாறு என்று கண்டுபிடிக்க வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு வரும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். மேலே துணியைப் போட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் உடனே தடுமாறும், எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதில்தான் வில்லங்கம்.

கழற்றிய இன்ஜெக்டரை டெஸ்டரில், அதாவது அழுத்தம் காட்டும் கைப்பம்பில், மாட்டி அடித்தால் மீதி தெரிந்துவிடும். பழைய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டிராக்டர்களில் நாஸில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 170 முதல் 250 பாருக்குள் இருக்கும், அந்தந்த என்ஜினுக்கு எவ்வளவு என்பது மேனுவலில் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்து அது குறைந்திருந்தால், ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்தோ ஸ்குரூவைத் திருகியோ மூன்று சிலிண்டர் வண்டியின் மூன்று இன்ஜெக்டரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். அளவு சரியாக இருந்தும் நுனியில் சொட்டு நின்றால் நாஸிலுக்குள் இருக்கும் ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தச் சொட்டுதான் எரியாமல் புகையாகிறது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் கழுவிவிடுகிறது. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் ரிங் நிஜமாகவே போய்விடும், மெக்கானிக் சொன்னது பலித்துவிடும்!

ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அதனால் ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போடக்கூடாது, மூன்றையும் ஒரே தட்டில் கொட்டிக் கழுவுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நுனியில் உள்ள துளைகளின் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவுதான், இரும்பு பிரஷால் தேய்த்தால் துளை கெட்டுப்போகும். பித்தளை பிரஷும் சுத்தமான டீசலும் போதும், பழைய பனியன் துணியால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போது அடியில் இருந்த பழைய காப்பர் வாஷரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றே ஒன்று போட வேண்டும். அவசரத்தில் பழையதன் மேலேயே புதியதை வைக்கிறார்கள், நாஸில் ஒரு வாஷர் உயரம் மேலே நின்றுவிடுகிறது, அப்புறம் எவ்வளவு நல்ல நாஸில் போட்டும் புகை போகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெஸ்டரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலை வரலாம். நேராக அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்பிரே எப்படி வருகிறது என்று உள்ளங்கையை நீட்டிப் பார்க்கும் பையன்களை எங்கள் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம்.

என் வண்டிக்கு டீசல் பம்ப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் மூன்று நாஸிலையும் மாற்றி பில் போட்டார்கள். டெஸ்டரில் எவ்வளவு காட்டியது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, பழைய நாஸிலையும் திருப்பித் தரவில்லை. பணம் கொடுக்கிறவன் முன்னால் டெஸ்டரை அடித்துக் காட்டுவதற்கு என்ன தயக்கம்?

வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, நல்ல விஷயம். கூடவே வட்டத்துக்கு ஒரு நாஸில் டெஸ்டரையும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் வைக்கலாம், அது ஒன்றும் யானை விலைக் கருவி இல்லை. ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் பிரிவுகள் இருக்கின்றன. நடவுக்கு முந்தைய மாதம் அந்தப் பிள்ளைகளை வைத்தே ஊர் ஊராக முகாம் போட்டால் அவர்களுக்கும் பயிற்சி, எங்களுக்கும் செலவு மிச்சம். துறை அதிகாரிகள் அடுத்த குறுவைக்கு முன்பாவது இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் வைத்திருக்கும் ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்.