நித்திரைப் பரிசோதனைக்கு நித்திரை வரக்கூடிய ஓர் அறை வேண்டும்

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், வன்னி மாவட்டங்களின் பொது வைத்தியசாலைப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வன்னியில் ஒருவர் கிளினிக்குக்குப் போய், "இரவிலை நித்திரை இல்லை, பகலிலை கண் சொருகுது" என்றால், காரணம் கேட்காமலே எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. சண்டை, இடப்பெயர்வு, காணாமல் போன பிள்ளை, யோசனை. பல பேருக்கு அதுதான் உண்மையும். ஆனால் அந்தப் பதில் எப்போதும் கைவசம் இருப்பதால் அடுத்த கேள்வி விடுபட்டுப்போகிறது: குறட்டை உண்டா? குறட்டை திடீரென்று நின்று, பிறகு மூச்சுத் திணறி எழும்புகிறாரா? பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்காமல் நித்திரைக் குளிசை எழுதினால், தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிற ஆளுக்கு அந்தக் குளிசைகளில் சில இன்னும் கெடுதல் செய்யக்கூடும்.

நித்திரையில் மூச்சு அடைபடும் இந்த நோயை (ஸ்லீப் அப்னியா) நிச்சயப்படுத்தத்தான் இரவு முழுக்க நித்திரையைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. தலையிலும் கண்ணருகிலும் தாடையிலும் காலிலும் வயர் ஒட்டுவார்கள். மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப். மூச்சு 10 செக்கன் அல்லது அதற்கு மேல் நிற்கிற, குறைகிற தடவைகளைக் கூட்டி, மணித்தியாலத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் குறைவென்றால் பயமில்லை, 30 வந்தால் கடுமை. வைத்தியமும் புதிதல்ல. மூக்கு வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் முறையை, சிட்னியில் கொலின் சல்லிவனும் கூட்டாளிகளும் 1981இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

என் அப்பா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறவர். யானைக்காவலுக்கு முழித்திருக்கும் மனிசன் பகலில் தூங்கி விழுவது ஊரில் ஒரு புதினமில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு கண்ணயர்ந்து வாய்க்காலுக்குள் இறக்கிய பிறகுதான் நாங்கள் பயந்தோம். தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். பகல் முழுக்க பஸ் பயணம், மொழி விளங்காத இடம், ஆட்கள் நடமாடும் விடுதியின் மூலையில் ஒரு கட்டில். தலைக்கு மேல் ரியூப் லைட், எதிரே கமரா. கமரா எதற்கென்று தமிழில் சொல்ல ஆளில்லை. முகாமில் எண்ணப்பட்டு, விசாரிக்கப்பட்டு வந்தவர், உடம்பெல்லாம் வயரோடு, யாரோ பார்த்துக்கொண்டிருக்க எப்படி உறங்குவார்? விடிய அவர் சொன்னது: "பிள்ளை, நான் காவல் இருந்த மாதிரித்தான் இருந்தனான்." முடிவு சொல்லப் போதுமான நித்திரை பதிவாகவில்லை என்று அறிக்கை வந்தது.

பரிசோதனை அறையில் முதல் இரவு நித்திரை குழம்புவதை ஆராய்ச்சியாளர்கள் 1966இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே வசதியான அறை என்று நாங்கள் கேட்பதை ஆடம்பரமாக எடுக்காதீர்கள். தனி அறை, உள்ளேயே கழிவறை, ஒளி புகாத யன்னல் சீலை, நுளம்பு வலை. வீட்டுத் தலையணையைக் கொண்டுவர விடுங்கள். துணைக்கு வருபவருக்கும் ஒரு கட்டில் போடுங்கள். பெண்களுக்கு வயர் ஒட்டப் பெண் உத்தியோகத்தர் வேண்டும். பதிவைக் கண்காணிப்பவர் பக்கத்து அறையில் இருக்கட்டும். அப்புறம் முக்கியமானது: படுக்கும் முன் ஒருவர் தமிழில் இருந்து கதைத்து, கமரா எதற்கு, யார் பார்ப்பார்கள், அவசரத்துக்கு எழும்ப வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் இந்த அறை தேவைப்படாது. அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டல்படி, அறிகுறி தெளிவாக உள்ள, வேறு சிக்கலான நோயில்லாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே சின்னக் கருவியால் பார்க்கலாம். பாரிய இருதய நோய், பாரிசவாதம், மூச்சுத் தசை பலவீனம் உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அறை. மல்லாவி, மாங்குளம் போன்ற இடங்களில் சில கருவிகளை வைத்து, அவற்றை உடம்பில் கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஆள் தன் வீட்டில் தன் பாயில் படுப்பார். பதிவு குறைந்தது 4 மணித்தியாலம் நல்லபடி வர வேண்டும், வராவிட்டால் அறைக்கு அனுப்பலாம்.

அறையை மாங்குளத்தில் வைத்தால் ஏ9 பஸ்ஸும் உண்டு, முல்லைத்தீவு வீதியும் உண்டு. எங்கே வைத்தாலும் சரி, நோயாளிகளை எடுக்கும் முன் உங்கள் உத்தியோகத்தர் ஒருவரை அதில் ஓர் இரவு வயரோடு படுக்க விட்டுப் பாருங்கள். நுளம்பு, தெருநாய், நடைபாதை லைட் எல்லாவற்றையும் பற்றி அவர் விடிய ஒரு பட்டியல் தருவார். அதைத் திருத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு குறட்டைக்காரரின் மகள்