பெயர் கேட்காமல் விட்ட அண்ணனுக்கு நன்றி

சென்னையில் 9 ஆண்டுகள் படத்தயாரிப்பு நிர்வாகத்தில் இருந்துவிட்டு, பி.எட். முடித்து ஏற்காட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்த எனக்கு ஸ்மார்ட் வகுப்பறையின் பொறுப்பு தரப்பட்டது. சேலத்திலிருந்து, ஒருகாலத்தில் திரைப்பட ஸ்டுடியோவாக இருந்த மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் கடந்துதான் நாள்தோறும் மலையேறுகிறேன் என்பதால், திரையும் ஒளியும் எனக்குக் கைவந்தவை என்றே நம்பியிருந்தேன்.

முதல் நாள், மடிக்கணினியில் ஓடிய பாடக் காட்சி புரொஜெக்டரில் வராமல், சுவரில் வெறும் பின்னணிப் படம் மட்டுமே நின்றது. யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்திருந்த நீங்கள், கேனை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து, விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் காட்சி சுவருக்கு வந்தது. அணைத்தவுடன் பிளக்கைப் பிடுங்காமல் உள்விசிறி நிற்கும்வரை காத்திருந்தால் விளக்கு நீடித்து உழைக்கும் என்றும், மலையில் இணையம் விட்டுவிட்டு வருவதால் காணொளிகளை முந்தின இரவே பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

படப்பிடிப்பில் தவறினால் இன்னொரு டேக் உண்டு; வகுப்பில் போன 40 நிமிடங்கள் போனவைதாம். பிள்ளைகளுக்கு அவற்றை மீட்டுத் தந்த உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி, அண்ணா.