தம்பிக்கு: பிள்ளைக்கு இரக்கம் எங்கிருந்து வரும்?

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளியன்று நடந்ததை நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கிற உன் பிள்ளை, படுத்திருந்த தெருநாய் பக்கத்தில் வெடியைக் கொளுத்திப் போட்டிருக்கிறான். அது அலறி ஓடியதும் கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். நீ முதுகில் நாலு வைத்து, "இரக்கமே இல்லையாடா உனக்கு?" என்று கேட்டாய். அப்புறம் என்னிடம், நீதிக் கதை சொல்லித்தருகிற வகுப்பு எதிலாவது சேர்த்துவிடலாமா அக்கா என்றாய். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால், உன் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வகுப்பெல்லாம் வேண்டாம். அவனிடம் இரக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனை 2006-ல் வெளியானது. துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைக் கைதவறி விட்டுவிட்டு, எட்டாமல் தவிப்பார். யாரும் சொல்லாமலே குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. அவரே வேண்டுமென்று வீசிப்போட்டபோது பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பேச்சு திருந்தாத வயதிலேயே யார் தவிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. 2008-ல் இன்னொரு சோதனை. உதவியதற்குப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்ற குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. அதனால் நாய்க்குத் தண்ணீர் வைத்தால் சாக்லேட் என்று ஆரம்பித்துவிடாதே.

அடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தன்னைவிடச் சின்ன உயிரை நோகடித்ததற்காக, அவனைவிடப் பெரிய ஆள் அவனை நோகடித்தால், மனதில் நிற்பது நாயின் வலி இல்லை, உன் கை.

அவன் அந்த நாயைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். சத்தத்தைப் பார்த்தான், சிநேகிதர்களின் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் அவனை வாசலில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெருநாய்களைக் கவனிக்கச் சொல். வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டால் பயம். காதைப் பின்னுக்கு மடக்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அதற்கு என்னவோ சரியில்லை. தூக்கம் வராதபோதும் பதற்றத்தில் நாய் கொட்டாவி விடும். நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தங்கள்கூட நாய்க்குக் கேட்கும்: நம் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், நாய்க்கு 40,000-க்கும் மேலே எட்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பார், ஒரு வாரத்தில் அவனே "அப்பா, அது பயப்படுது" என்பான். தொட மட்டும் விடாதே. கடியோ கீறலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும். வாசலில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கும் வேலையை அவனிடமே கொடு. தினமும் கொட்டிக் கழுவி ஊற்றச் சொல், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். ஒருநாள் மறந்தால் நீ செய்துவிடாதே, சட்டி காய்ந்து கிடப்பதை அவன் பார்க்கட்டும். அப்புறம் சேர்ந்து ஊற்றுங்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான், 1977-ல் அறிவித்தார்கள். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வந்து கண்மாயில் நிற்கிற மரங்களில் கூடு கட்டும். தீபாவளி வருவதும் அந்தச் சமயத்தில்தான். வெடிச் சத்தத்துக்குப் பறவை மிரண்டு எழுந்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் யார் காவல்? அதனால் பல பத்தாண்டுகளாக அந்த ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு வனத்துறையிலிருந்து இனிப்பு கொடுக்கிறார்கள். அங்கே வளர்கிற பிள்ளைக்கு ஜீவகாருண்யம் என்று யாராவது பாடம் எடுத்திருப்பார்களா? தாத்தாவும் அப்பாவும் வேறொரு உயிருக்காக ஒரு சந்தோஷத்தை விட்டுக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். உன் பிள்ளை உன் வீட்டில் அப்படி எதைப் பார்த்திருக்கிறான் என்று யோசி.

கோபித்துக்கொள்ளாதே, இதைச் சொல்லாமல் முடியாது. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு உன் வீட்டில் காபி தனி டம்ளரில் போகிறது. அது அடுப்பங்கரை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறது, வேறு யாரும் அதில் குடிப்பதில்லை. பிள்ளைக்கு அது யாருடைய டம்ளர் என்று தெரியும். ஏன் தனி என்று அவன் கேட்டதில்லை, கேட்காமலே புரிந்துகொண்டிருக்கிறான். சிலர் வலித்தால் கணக்கில் உண்டு, சிலர் வலித்தால் கணக்கில் இல்லை என்கிற பாடம் தினமும் அந்த ஜன்னலில் இருக்கிறது. நாயிடம் அன்பாக இருக்கச் சொல்வது நமக்குச் சுலபம். மனுஷரிடம் வரும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். பாத்திரம் தேய்க்கிற அந்த அம்மாவின் வயதுக்கு, அவரை அவன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். பாட்டி என்று கூப்பிடச் சொல். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போடும்போது, தாளில் சுற்றி மேலே "கண்ணாடி" என்று அவன் கையாலேயே எழுதச் சொல். குப்பை வண்டியில் வருகிறவருக்குக் கை என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தோன்ற வேண்டும்.

அரையாண்டு லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வா, ஒருநாள் விடிகாலையில் கிளம்பி வேட்டங்குடி போவோம். பளிச்சென்ற சட்டை வேண்டாம் என்று சொல்லிவை, பறவைகள் மிரளும். மாமாவின் பைனாகுலர் இருக்கிறது. டம்ளர் விஷயத்தை மட்டும் லீவு வரைக்கும் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அக்கா