ஒரு வினைச்சொல்லும் ஓர் அடிக்குறிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புராட்டஸ்டண்ட் திருச்சபைச் சீர்திருத்த நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான தலையங்கம், 'விசுவாசத்தினால் மட்டுமே' என்பதைப் பவுலின் சொற்களாகவே குறிப்பிட்டிருந்தது. மனிதர் திருச்சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தினால் கடவுள் முன் நீதியுள்ளவராகிறார் என்று பவுல் தமது கடிதத்தில் எழுதிய வசனமே ரோமர் 3:28. அதன் கிரேக்க மூலத்தில் 'மட்டுமே' இல்லை. ஜெர்மன் மொழி வழக்கும் வசனத்தின் கருத்தும் அதைக் கேட்கின்றன என்று கருதி, சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தமது 1522-ஆம் ஆண்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்த சொல் அது. அவர் பவுலைச் சரியாகவே புரிந்துகொண்டார் என்று நம்புபவன் நான். ஆயினும் மூலம் எது, விளக்கம் எது என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும்.

தமிழில் இது இன்னும் கூர்மையாகிறது. இதே வசனத்தில் பழைய தமிழ் வேதாகமத்தின் 'நீதிமானாக்கப்படுதல்' மனிதனுக்குள் நிகழும் மாற்றத்தை எண்ண வைக்கிறது. 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்ற தமிழ் மொழிபெயர்ப்பின் 'ஏற்புடையவர்' கடவுளோடுள்ள உறவை முன்னிறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் மூலமான கிரேக்க வினையிலோ நீதிபதி வழங்கும் தீர்ப்பின் தொனி மேலோங்கி நிற்கிறது. எங்கள் வேதபாட வகுப்பில் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தபோது, "நான் நல்லவளாக மாறின பிறகுதான் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வாரா?" என்று ஒரு மூதாட்டி கலக்கத்தோடு கேட்டார். அவருடைய கலக்கத்துக்குக் காரணம் பவுல் அல்லர், 'ஆக்கப்படுதல்' என்ற வினையே. எனவே, இனி வரும் தமிழ்ப் பதிப்புகள் இவ்வசனத்தின் கீழ் மாற்று மொழிபெயர்ப்பையும் மூலச் சொல்லின் பொருளையும் அடிக்குறிப்பாகத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்